தோழி பஸ்ஸை விட்ட காட்சி: ஒரு பள்ளி நாடகத்தின் நிகழ்வு ஆய்வு

நாடகத்தின் முதல் பிரதியில் நந்தினியின் தோழி மகேஸ்வரிக்கு ஒரே வேலைதான். நந்தினி அழுதால் மேடைக்கு வருவாள், தோளில் கை வைப்பாள், நான்கு நல்ல வார்த்தை சொல்வாள், போய்விடுவாள். இன்னொரு தோழி லாவண்யாவும் அப்படியே. பெயர்களை மறைத்துவிட்டு இருவரின் வசனங்களையும் மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தபோது, எது யாருடையது என்று நடிக்கிறவர்களுக்கே தெரியவில்லை.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சேர்ந்து ஆண்டு விழாவுக்காக ஒரு நாடகம் தயாரித்தார்கள். வளரிளம் பருவத்து உறவு ஒன்று அன்பில் தொடங்கி, மிரட்டலாக மாறுவதுதான் கதை. பிரதியைத் தமிழாசிரியர் எழுதியிருந்தார். அந்த உறவில் இருக்கும் நந்தினியும் சக்தியும் நன்றாகவே உருவாகியிருந்தார்கள். சுற்றியிருந்த நண்பர்கள்தான் சுவரொட்டியில் அச்சடித்த வாசகங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரதியைச் செப்பனிட என்னை அழைத்தார்கள். அந்த நண்பர்கள் எப்படி ஆட்களாக மாறினார்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். மேடையில் வசனங்கள் வட்டார வழக்கில் பேசப்பட்டன. இங்கே வாசிப்புக்காக எழுத்து வழக்கில் தருகிறேன்.

அத்தை மகன்

முதலில் சக்தி வெளியூர்க் கல்லூரி மாணவன். இரு குடும்பங்களும் வெவ்வேறு சாதி என்பது ஓரிரு வரிகளில் கோடிட்டுக் காட்டப்பட்டிருந்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. 2012 நவம்பரில் ஒரு கலப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நாயக்கன்கொட்டாய் அருகே தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இங்கே மேடையில் ஒரு காதல் வந்தாலே பார்வையாளர்கள் முதலில் தேடுவது சாதியைத்தான். அது தெரிந்தவுடன் நாடகம் முழுவதும் ‘குடும்பம் ஒப்புக்கொள்ளுமா’ என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிடும். அந்தப் பையன் அந்தப் பெண்ணை எப்படி நடத்துகிறான் என்பது யார் கண்ணிலும் படாது. சாதியைப் பற்றிய அந்த நாடகமும் எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் அது வேறு நாடகம்.

மாணவிகளில் ஒருத்தி ஒரு யோசனை சொன்னாள்: “சக்தியை அத்தை மகனாக்கிவிடலாம்.” அதற்குப் பிறகு எல்லாம் இடம் மாறிவிட்டது. நந்தினிக்கு வயது 17. சக்திக்கு 20. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. சனிக்கிழமை இரவுதான் ஊருக்கு வருவான். முறைப்பையன் என்பதால் பேசுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. செல்பேசி வாங்கிக் கொடுத்ததே அவன்தான். பஸ் ஏறியவுடன் படம் அனுப்பச் சொல்கிறான், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டச் சொல்கிறான், இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் இருந்தால் யாரோடு பேசினாய் என்கிறான். நந்தினி வீட்டில் சொன்னால் பாட்டி சிரிப்பாள்: “கட்டிக்கொள்ளப் போகிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?”

தோழிகளை எழுதுகிறவருக்கு இது பெரிய மாற்றம். குடும்பம் எதிர்க்கும் காதல் என்றால் தோழியின் வேலை எளிது: கடிதம் கொண்டுபோகலாம், பொய் சொல்லிக் காப்பாற்றலாம். குடும்பமே ஆதரிக்கும் உறவில், பெண் தேய்ந்துகொண்டே போவதைப் பார்க்கிற சாட்சி தோழி மட்டும்தான். வேறு யாருக்கும் அது தப்பாகத் தெரிவதே இல்லை. தோழிக்கும் தொடக்கத்தில் தெரிய வேண்டியதில்லை என்பதை நாங்கள் சற்றுத் தாமதமாகத்தான் கண்டுகொண்டோம். புதிய பிரதியின் முதல் காட்சியில் மகேஸ்வரி சக்தியை வியக்கிறாள்: “என்னை யாராவது இப்படி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தேடினால் நான் ஏன் படிக்கப்போகிறேன்?” ஒத்திகையில் மற்ற பெண்கள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெரிந்த பேச்சு என்பதால் வந்த சிரிப்பு. ஆதரவான பாத்திரம் என்றால் முதல் காட்சியிலிருந்தே ஞானியாக இருக்க வேண்டும் என்று யார் விதித்தது?

கடைசி பஸ்

மகேஸ்வரியாக நடித்த மாணவி ஒத்திகையின் நடுவே ஒரு கேள்வி கேட்டாள். நான்காம் காட்சி, பஸ் நிறுத்தம். சக்தியோடு செல்பேசியில் சண்டை முடிந்து நந்தினி உட்கார்ந்துவிடுகிறாள். முதல் பிரதியில் இங்கே மகேஸ்வரிக்கு இருபத்திரண்டு வரி வசனம். பெண் கல்வி, தன்மானம், பெற்றோரின் கனவு எல்லாம் அதில் உண்டு. அந்தப் பெண் தாளை மடக்கிவிட்டுக் கேட்டாள்: “இருட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஊருக்கு அதற்கு மேல் பஸ் கிடையாது. நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?”

அவளுடைய பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். அவள் பாட்டியோடு இருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். நேரம் தவறினால் பாட்டி கேட்கும் கேள்விகள் அவளுக்கு மனப்பாடம். பாத்திரத்துக்கு இல்லாத வீடு, நடிக்கிறவளுக்கு இருந்தது. அதை அப்படியே பாத்திரத்துக்குக் கொடுத்தோம்.

இருபத்திரண்டு வரியும் போயிற்று. இப்போது காட்சி இப்படி இருக்கிறது. நந்தினி உட்கார்ந்திருக்கிறாள். மகேஸ்வரியின் பஸ் வருகிறது. நடத்துநர் குரல் மட்டும் கேட்கிறது.

“ஏறுகிறாயா, இல்லையா?”

மகேஸ்வரி ஒரு காலைப் படியில் வைக்கிறாள். நந்தினியைத் திரும்பிப் பார்க்கிறாள். காலை எடுத்துக்கொள்கிறாள்.

“போங்கள் அண்ணா.”

பஸ் போகிறது. அவள் நந்தினியின் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து இயற்பியல் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் படம் வரையத் தொடங்குகிறாள். என்ன ஆயிற்று என்று கேட்பதே இல்லை. நந்தினிதான் கடைசியில் பேச்சைத் தொடங்குகிறாள்: “உன் பாட்டி திட்டுமே.” அதற்கு மகேஸ்வரி, “திட்டும். அந்த அளவுகோலைக் கொடு.”

நாடகத்தில் மிகவும் பேசப்பட்ட காட்சி இதுதான். காரணம் எளியது. அறிவுரை சொல்வதற்குச் செலவு இல்லை. பஸ்ஸை விட்டால் செலவு உண்டு. அடுத்த காட்சியில் பாட்டி உண்மையாகவே திட்டுகிறாள். மகேஸ்வரி நந்தினியின் பெயரைச் சொல்லாமல் வாங்கிக்கட்டிக்கொள்கிறாள். இந்த இரண்டாவது காட்சியை நேரம் கருதி வெட்டலாம் என்று பேச்சு வந்தது. வெட்டக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அது இல்லாவிட்டால் பஸ்ஸை விட்டது வெறும் சைகை.

இரண்டு தட்டு

செல்பேசியை மேடையில் காட்டுவது தொல்லை. பள்ளி மைதானத்தில் பத்தாவது வரிசைக்கு மேல் திரையும் தெரியாது, ரிங்டோனும் கேட்காது. மாணவன் ஒருவனின் தாத்தா பாரதக் கூத்து ஆடுகிறவர். அந்த வீட்டு மத்தளம் நாடகத்துக்கு வந்தது. சக்தியிடமிருந்து செய்தி வரும்போதெல்லாம் இரண்டு தட்டு. அவ்வளவுதான். சக்தி மேடையில் இல்லாத காட்சிகளிலும் சக்தி இருந்தான்.

இது நண்பர்களை வேறுபடுத்தும் கருவியாகவும் ஆகிவிட்டது. தட்டு விழுந்தவுடன் மகேஸ்வரி நந்தினியின் முகத்தைப் பார்ப்பாள். லாவண்யா செல்பேசியைப் பார்ப்பாள். அதைப் பிடுங்கி எறியத் துடிக்கும் பார்வை. சக்தியின் நண்பன் குமரேசன் பார்வையாளர்களைப் பார்த்துச் சிரிப்பான்.

குமரேசன்தான் எனக்கு இந்த நாடகத்தில் பிடித்த ஆள். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் பக்கத்திலேயே நிற்பான். ராஜா பெருமை பேசினால் அதைச் சபைக்கு எளிய பேச்சில் திருப்பிச் சொல்வான், இடையிடையே கேலியும் செய்வான். சபை சிரிக்கும், ராஜா கோபப்பட முடியாது. அந்த உரிமை வேறு யாருக்கும் கிடையாது. குமரேசனுக்கு அந்த இடத்தைக் கொடுத்தோம். சக்தி நந்தினியைப் பற்றிப் புகார் சொல்லும்போதெல்லாம் இவன் எதிர்ப்பாட்டு பாடிச் சிரிக்க வைக்கிறான். “ஏழு மணிக்கு அனுப்பிய படத்தில் முழங்கை மட்டும் தெரிகிறது, யார் முழங்கை என்று கேட்டிருக்கிறான் எங்கள் துப்பறிவாளன்!” சபை சிரிக்கிறது. சக்தியும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு சக்திக்குத் துணைபோகிறது என்பது பாதி நாடகம் வரை யாருக்கும் உறைப்பதில்லை, குமரேசன் உட்பட.

திருப்பம், சக்தி நந்தினியின் படம் ஒன்றைக் காட்டி, “பேசவில்லை என்றால் இதை ஸ்டேட்டஸில் போடுவேன்” என்று சொல்லும் இடத்தில். கேலிக்காக எல்லாரும் குமரேசனைப் பார்க்கிறார்கள். அவன் வாயைத் திறக்கிறான், மூடுகிறான். பிறகு கேட்கிறான்: “இதில் நான் எங்கே சிரிக்க வேண்டும்?” முதல் மேடையேற்றத்தில் பின்வரிசைப் பையன்கள் பழக்கத்தில் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பையன்களின் கூட்டத்தில் ஒருவன் சிரிப்பதை நிறுத்துவது என்ன விலை என்பது பையன்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு இரண்டு தோழிகளை வைத்துவிட்டு, தப்புச் செய்கிறவனைத் தனியாக விட்டுவிடும் நாடகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவனைத் தடுக்கக்கூடிய ஆள் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

சொல்லலாமா?

எல்லா விழிப்புணர்வு நாடகங்களிலும் ஒரு வரி உண்டு: ‘நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள்.’ மாணவிகள் அந்த வரியை ஏற்கவில்லை. வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார்கள்: செல்பேசியைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள், அடுத்த முகூர்த்தத்தில் அவனுக்கே கட்டி வைப்பார்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 நடப்பில் இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அந்தச் செய்திகள் ஓயவில்லை. தோழி வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் கோழைத்தனம் காரணமில்லை. சொன்னால் அந்தப் பெண்ணின் படிப்பு போகும் என்ற கணக்கு அது. இந்தக் கணக்கை மேடையில் மரியாதையோடு வைக்காமல், ‘சொல்’ என்று மட்டும் சொல்லும் நாடகத்தைப் பெண்கள் நம்ப மாட்டார்கள்.

தமிழாசிரியர் இங்கே கை கொடுத்தார். காதலைப் பாடும் சங்க அகப் பாடல்களின் தோழியை அவர் நினைவுபடுத்தினார். “தோழி தானே செவிலி மகளே” என்கிறது தொல்காப்பியம்; செவிலி என்றால் தலைவியை வளர்த்த தாய். அந்தத் தோழி தலைவனைத் திருப்பி அனுப்புவாள், தாயிடம் மறைப்பாள், கேலி செய்வாள், கோபப்படுவாள். வேளை வந்தால் அறத்தொடு நிற்பாள், அதாவது செய்தியை வெளிப்படுத்துவாள். அதையும் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை. தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். படிப்படியாக, ஆள் பார்த்து. பெண்ணை வீட்டுக்குள் அடைக்கும் இற்செறிப்பும் அதே பாடல்களில் இருக்கிறது. மாணவிகள் அஞ்சியது அதைத்தான். இன்று அதற்கு மாற்றுச் சான்றிதழ் ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது, அவ்வளவே.

ஆக, கேள்வி மாறியது. சொல்லலாமா என்பது போய், முதலில் யாரிடம் என்றாயிற்று. நந்தினிக்குச் செவிலி யார்? நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு அம்மாவின் தங்கை, தையல் வேலை செய்யும் சித்தி, தேர்ந்தெடுக்கப்பட்டாள். பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். நந்தினியின் பாட்டிக்கு அவளை எதிர்த்துப் பேச வாய் வராது.

நந்தினி இல்லாமல் தோழிகள் இருவரும் மட்டும் வரும் காட்சி ஒன்றே ஒன்று உண்டு. மற்ற காட்சிகளிலெல்லாம் அவர்கள் நந்தினிக்காகவே மேடைக்கு வந்தார்கள். இங்கே அவர்களுக்குள் சண்டை. லாவண்யா வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். கோபம் வந்தால் பாதி வாக்கியம் தெலுங்கில் போய்விடும். அவளுக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும். முந்தைய காட்சியில் சக்தியை அவள் பஸ் நிலையத்தில் வைத்துப் பலர் முன்னால் கேட்டுவிட்டாள். விளைவு, அன்றிரவு நந்தினியின் செல்பேசிக்கு மத்தளம் நிற்கவே இல்லை. நல்ல மனதோடு செய்த உதவி நந்தினியின் தலையில் விடிந்தது. மகேஸ்வரி கேட்கிறாள்: “நீ பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாய். பதில் சொல்ல வேண்டியவள் யார்?” லாவண்யா திருப்பி அடிக்கிறாள்: “நீ பேசாமல் இருந்ததற்கும் அவள்தானே பதில் சொல்கிறாள்?” இரண்டு பேர் சொல்வதும் சரி. யாரையும் ஜெயிக்க வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

முடிவில் மகேஸ்வரி நந்தினியிடம் போய்ச் சொல்கிறாள்: “நாளைக்கு உன் சித்தியிடம் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன், அதனால்தான் இன்றைக்கே சொல்கிறேன்.” நந்தினி எழுந்து போய்விடுகிறாள். அடுத்த காட்சி முழுவதும் அவள் மகேஸ்வரியின் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று பள்ளித் தரப்பில் ஆசைப்பட்டார்கள். பெண்கள் மறுத்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் யாரும் மன்னிப்பதில்லை என்றார்கள்.

சட்டமும் பிளேடும்

பிரதியில் வகுப்பாசிரியர் ஒருவர் வருகிறார். முதலில் அவருடைய வசனம், “என்னிடம் சொல், யாரிடமும் சொல்ல மாட்டேன்.” இதை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரும் குழந்தைகள். அவர்கள் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று தோன்றினாலோ தெரிவிக்க வேண்டியது கட்டாயம். தெரிவிக்கத் தவறினால் பெரியவர்களுக்குத் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கு அந்தத் தண்டனை பொருந்தாது. அதாவது மகேஸ்வரி பயப்படத் தேவையில்லை, ஆசிரியரால் அந்த வாக்குறுதியைத் தர முடியாது. இப்போது அவர், “சிலவற்றை நான் மறைக்க முடியாது. ஆனால் யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்” என்கிறார். மகேஸ்வரி நந்தினியிடம் சொன்ன அதே நியாயம். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098 அவர் வாயிலிருந்து வருவதில்லை; லாவண்யாவின் ரெக்கார்டு நோட்டின் பின் அட்டையில் எழுதியிருக்கிறது, அவள் அதைக் காட்டுகிறாள்.

சக்தி கையை அறுத்துக்கொள்வதாக மிரட்டும் காட்சியில் பிளேடும் சிவப்புச் சாயமும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டோம். தன்னைத்தானே காயப்படுத்தும் முறையை மேடையில் காட்டுவது, அதே மனநிலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்குப் பாடம் நடத்துவதாகிவிடலாம். மிரட்டல் குமரேசனுக்கு வரும் அழைப்பாக மாறியது. அவன் அதைக் கேலி செய்யவில்லை, நந்தினியிடம் கொண்டுபோய், ‘உன்னால்தான்’ என்று அவள் தலையில் கட்டவும் இல்லை. சக்தியின் அறைக்குக் கிளம்புகிறான். போகிற வழியில் மனநல உதவிக்கான 14416 எண்ணை அழைக்கிறான்.

மேடைக்குப் பிறகு

நாடகம் முடிந்தபின் பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டுகள் வாங்கினோம். நந்தினியைப் பற்றி எதிர்பார்த்த அளவு கேள்விகள் இல்லை. பெண்களின் சீட்டுகளில் சித்தியைப் பற்றித்தான் அதிகம்: சித்தி இல்லாதவர்கள் யாரிடம் போவது? அதற்குச் சுருக்கமான பதில் கிடையாது. அரங்கிலேயே ஒரு பேச்சு தொடங்கியது. கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்து வீட்டு அக்கா என்று பெயர்கள் வந்தன. ஒரு பெண் “எங்கள் ஊர் பஸ் நடத்துநர்” என்றாள்; சிரிப்பு எழுந்தது, ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பையன்களின் சீட்டுகளில் ஒரே கேள்வி பல கையெழுத்தில் இருந்தது: குமரேசன் அறைக்குப் போய் என்ன செய்தான்? நாடகம் அவனை வழியிலேயே விட்டுவிடுகிறது. சக்தியைக் கட்டிப்பிடித்தானா, அறைந்தானா, படத்தை அழிக்க வைத்தானா என்று ஆளுக்கொரு யூகம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி இதே நாடகத்தைக் கேட்டிருக்கிறது. அதற்குள் அந்தக் காட்சியை எழுத வேண்டும். குமரேசனாக நடித்தவனே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டான். சக்தியோடு அந்த அறையில் தங்கியிருக்கும் மற்ற மூன்று பேருக்கும் பெயரும் ஷிப்டும் முடிவாகிவிட்டன. படத்தை யார் அழிக்கச் சொல்வது என்பதில்தான் குழு இன்னும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.